மனு அக்காவின் முதல் கோரிக்கை

நீதிமன்ற வளாகத்தில் சைக்கிள் கொட்டகையின் கடைசித் தூணுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு நாற்காலி, வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. இருபத்தாறு வருடமாக அது மனு அக்காவின் இடம். அதற்குப் பத்திரமும் கிடையாது, அனுமதிச் சீட்டும் கிடையாது. ஒரு நாள் மேசையைக் கொண்டுவந்து போட்டாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. இப்போது புதிதாக வரும் காவலாளிகூட அவளிடம்தான், "அக்கா, இங்க வண்டி விடலாமா?" என்று கேட்கிறான்.

மனு எழுதுவது அவள் தொழில். முன்பு டைப்ரைட்டர், இப்போது கணினியும், ஓடும்போது மேசையையே ஆட்டிவைக்கும் ஒரு பழைய பிரிண்டரும். வக்கீல்களுக்குச் சட்டம் தெரியும், அதை எந்தப் பத்தியில் எப்படி வைத்தால் ஜட்ஜ் கொட்டாவி விடாமல் படிப்பார் என்பது அக்காவுக்குத்தான் தெரியும் என்று வளாகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்பார் அவள் கணவர். அவர் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டி ஓய்வுபெற்றவர். பேச்சில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அவளுடைய மனுக்களின் கடைசிப் பகுதியைப் பார்த்தால் போதும், அடியில் பெயர் இல்லாமலே அவள் எழுதியது என்று தெரிந்துவிடும். கோர்ட்டிடம் என்ன வேண்டும் என்று கேட்கும் பகுதி அது. அக்கா எப்போதும் பெரியதை முதலில் கேட்பாள். பக்கத்து நிலத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்று ஒருவர் வந்தால், வேலியை எடுக்கச் சொல்லி ஆரம்பிக்க மாட்டாள். "நிலம் மனுதாரருக்கே உரியது என்று அறிவிக்க வேண்டும்" என்பதுதான் முதல் கோரிக்கை. "ஆகவே வேலியை அகற்ற உத்தரவிட வேண்டும்" என்பது இரண்டாவது.

இது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு செங்கல் சூளைக்காரர் வேலியை எடுத்தால் போதும் என்றார். அவர் சொன்னதை அப்படியே அடித்துக் கொடுத்தாள். நிலம் யாருடையது என்று நீங்கள் கேட்கவே இல்லையே, பிறகு வேலியை எப்படி எடுக்கச் சொல்வது என்று மனு தள்ளுபடியானது. அந்த மனிதர் வந்து இதே பெஞ்சில் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து அக்காவுக்கு முதல் கோரிக்கை விஷயத்தில் விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது.

"நிலம் யாருதுன்னே தெரியாம வேலிய எவன் எடுப்பான்?" என்பாள்.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கை மகள்தான் எல்லாம். தங்கையின் கணவர் கலங்கரை விளக்கத்தில் உதவியாளர். இடம் மாற்றி மாற்றிப் போடுவார்கள் என்பதால் பெண் பள்ளிக்கூடம் போனதெல்லாம் பெரியம்மா வீட்டிலிருந்துதான். சாயந்திரம் கோர்ட்டுக்கு வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளை வீட்டில் எல்லோரும் பாறை என்று கூப்பிட்டார்கள். கோபத்தில் வைத்த பெயர் இல்லை. அவள் பிறந்ததே ஒரு பாறையில்.

கரையிலிருந்து படகில் இரண்டு மணி நேரம் போனால் கடல் நடுவே அந்த விளக்குப் பாறை. ஒரு விளக்குக் கோபுரம், இரண்டு அறை வீடு, மழைநீர்த் தொட்டி ஒன்று, கணக்கற்ற பறவைகள். அது நம்முடையது என்று நம் அரசு சொல்கிறது. எங்களுடையது என்று அக்கரை நாடும் சொல்கிறது. விளக்கை மட்டும் முன்னாலிருந்தே நம் ஆட்கள் ஏற்றி வந்தார்கள். வருடா வருடம் அக்கரை அரசு இதைக் கண்டித்து ஒரு கடிதம் அனுப்பும். நம் அரசு அந்தக் கண்டனத்தைக் கண்டித்துப் பதில் அனுப்பும். "கல்யாண நாள் வாழ்த்து மாதிரி, தவறாமப் போகும், தவறாம வரும்" என்பார் தங்கை கணவர்.

தங்கை எட்டாம் மாதத்தில், அங்கே வேலையிலிருந்த கணவரோடு பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். கடல் பொங்கி, படகு வராமல் போய், பத்து நாள் இருபதாயிற்று. துறைமுக டாக்டர் ரேடியோவில் சொல்லச் சொல்ல, குழந்தையின் அப்பாவே பிரசவம் பார்த்தார். கலங்கரை விளக்கத்து நாள்குறிப்பேட்டில் தலைமை விளக்காளர் எழுதிவைத்தார்: "காலை 6.10. காற்று தென்மேற்கு, பலமாக வீசுகிறது. விளக்கு அணைக்கப்பட்டது. உதவியாளர் மனைவிக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். மழைநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது."

அந்தப் பெண் பிறந்ததற்கு எழுத்தில் இருந்த சாட்சி அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் டாக்டரின் வயதுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு சேர்த்துவிட்டார்கள். பள்ளி முடித்து நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்தபோதுதான் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்றார்கள். இடத்தைத் தற்காலிகமாகத் தருகிறோம், ஆறு மாதத்துக்குள் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அக்காதான் அவளைக் கூட்டிக்கொண்டு பதிவாளரிடம் போனாள். அவர் நாள்குறிப்பேட்டு நகலை மூன்று தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"அம்மா, நான் என்னன்னு எழுதறது? உள்நாடுன்னு எழுதணும்னா வார்டு எண் வேணும். பாறைக்கு ஏது வார்டு? வெளிநாடுன்னு எழுதினா, நாளைக்கு அந்த ஊர்க்காரன் என் கையெழுத்தத் தூக்கிக் காட்டி, 'பாரு, உங்க ஆபீசரே ஒத்துக்கிட்டாரு'ம்பான். எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"பொண்ணு உங்க முன்னாடியே நிக்குதே சார். பொறக்காமலா வந்து நிக்குது?"

"பொறந்தது தெரியுது. எங்க பொறந்ததுன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுக்கு நான் என்ன பண்றது?"

இடத்தைப் பற்றிய பிரச்சினை நிலுவையில் இருப்பதால் பதிய இயலாது என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தபோது முகத்தில் கவலையைவிட வேறொன்று அதிகமாக இருந்தது. இருபத்தாறு வருடமாக வேலியும் சாக்கடையும் வாடகை வீடுமாகப் பார்த்துச் சலித்த கைக்கு ஒரு பெரிய விஷயம் கிடைத்திருந்தது.

அன்று சமைத்துக்கொண்டே வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வெங்காயம் வதங்குவதற்குள் முதல் கோரிக்கை தயார். "மேற்படி விளக்குப் பாறை இந்நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதியே என்று இந்த நீதிமன்றம் அறிவிக்க வேண்டும்." இரண்டாவது: "ஆகவே மனுதாரரின் பிறப்பைப் பதிவு செய்யுமாறு பதிவாளருக்கு உத்தரவிட வேண்டும்."

கணவர் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல இருக்கற சுவருக்கு யார் வெள்ளையடிக்கறதுன்னு பதினோரு வருஷமா உன்னால முடிவு பண்ண முடியல. இப்பக் கடலப் பிரிக்கப் போறியா?"

"உங்களுக்கு வால்வத் திறக்கவும் மூடவும்தான் தெரியும். இடம் நம்மளதுன்னு கோர்ட் சொல்லிட்டா பதிவாளர் என்ன பேசுவாரு? வாயத் திறப்பாரா?"

"அந்த நாட்டுக் கோர்ட்டு அவங்களதுன்னு சொல்லிட்டா?"

"அது அவங்க கோர்ட்டு."

"அதான் நானும் சொல்றேன்" என்று அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அவர் சொன்னதில் இருந்ததை அவள் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனுவைத் தாக்கல் செய்தது அவசர வக்கீல். எப்போதும் அடுத்த கோர்ட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். பத்து வருடமாக அக்கா அடித்துக் கொடுப்பதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுப் பழகியவர். இதை மட்டும் ஒருமுறை படித்தார்.

"அக்கா, கொஞ்சம் பெருசா இருக்கே?"

"சின்னதாக் கேட்டா சின்னதுகூடக் கிடைக்காது வக்கீல் சார்."

முதல் வாய்தாவிலேயே அரசு வக்கீல் எழுந்து, இது இரண்டு அரசுகளுக்கு இடையே பேச்சில் இருக்கும் விஷயம், கோர்ட் இதில் இறங்கக்கூடாது என்றார். மறுநாள் செய்தித்தாளில் உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது: பாறை யாருக்கு, மாணவி வழக்கு. அவ்வளவுதான், கோர்ட் வாசல் டீக்கடையில் அக்காவுக்குப் பெயர் மாறிவிட்டது. "வாங்க தீவு அம்மா. எப்ப எங்களையெல்லாம் கூட்டிட்டுப் போறீங்க, பாறையில ஒரு கடை போடலாம்னு இருக்கேன்." அவள் சிரித்துக்கொண்டே டீ வாங்கினாள். அந்த நான்கு வரியைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். வாய்தா எழுதிப் போட்ட காகிதங்களுக்கு நடுவே அது கொஞ்சம் தனியாகத் தெரிந்தது.

இரண்டாவது வாய்தா அன்று பாறை கல்லூரியில் இருந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும் வகுப்பு, வர முடியாது என்று சொல்லியிருந்தாள். தங்கையும் அவள் கணவரும் வேறொரு கலங்கரை விளக்கத்தில் இருந்தார்கள். கோர்ட்டுக்குள் கடைசி வரிசையில் நின்றது அக்கா மட்டும்.

ஜட்ஜ் மனுவைப் புரட்டிவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே பேசினார். "வக்கீல், உங்க கட்சிக்காரருக்கு என்ன வேணும்? பாறை வேணுமா, பிறப்புச் சான்றிதழ் வேணுமா? ரெண்டாவது கோரிக்கைய நான் கேக்கறேன். முதலாவத எடுத்துடுங்க. பத்து நிமிஷம் தரேன், கேட்டுட்டு வாங்க."

அவசர வக்கீல் வராந்தாவுக்கு வந்தார். கையில் வேறொரு வழக்கின் கட்டு, கால் பாதி படியில்.

"அக்கா, ஜட்ஜே வழி காட்டறாரு. எடுத்துடலாமா? பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

அக்காவின் கையில் போன் இருந்தது. பாறை வகுப்பில் இருப்பாள், எடுக்க மாட்டாள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் எண்ணை அழுத்திப் பார்க்கவே இல்லை. செங்கல் சூளைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அது ஒரு பாதி. மறு பாதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த நான்கு வரி. முதல் கோரிக்கையை எடுத்துவிட்டால் அது வெறும் பிறப்புச் சான்றிதழ் வழக்கு. அந்த மாதிரி வாரத்துக்கு மூன்று அடிக்கிறாள்.

"எடுக்காதீங்க" என்றாள். "முதலாவத எடுத்தா ரெண்டாவது காலில்லாம நிக்கும். ஜட்ஜ் தனக்கு வேலை குறையணும்னு சொல்றாரு, நாம எதுக்கு இறங்கிப் போகணும்?"

"பொண்ணு என்ன சொல்லுது?"

"அவளும் அதையேதான் சொல்லுவா."

வக்கீல் உள்ளே ஓடினார்.

மூன்றாவது வாய்தாவில் தீர்ப்பு. அன்றும் அக்கா மட்டும்தான். அந்த ஜட்ஜ் பொதுவாக இரண்டு வரியில் முடிப்பவர். அன்று நிதானமாகவே சொன்னார். இந்தப் பாறை எங்கள் நாட்டுடையது என்று நான் இன்று சொல்லலாம். நாளை அக்கரையில் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்துகொண்டு, இல்லை, எங்களுடையது என்று சொல்லலாம். அவர் சொன்னது என்னைக் கட்டாது, நான் சொன்னதும் அவரைக் கட்டாது. ஒரு நாட்டுக் கோர்ட் இரண்டு நாட்டுக்கு நடுவிலிருக்கும் எல்லையைப் போட முடியாது. இரண்டு அரசும் உட்கார்ந்து பேச வேண்டும், அல்லது இரண்டும் சம்மதித்துப் பொதுவான ஒரு மன்றத்துக்குப் போக வேண்டும். அதுவரை இந்த விஷயத்தில் அரசு சொல்வதைக் கோர்ட் கேட்டுக்கொள்ளும், தானாக ஒன்றைச் சொல்லாது. ஆனால் ஒரு தாய்க்கு ஒரு நாளில் ஒரு குழந்தை பிறந்ததா என்பதை, அந்த இடம் யாருடையது என்று தெரியாமலே முடிவு செய்ய முடியும். அதை மட்டும் கேட்க வாய்ப்புக் கொடுத்தேன். மனுதாரர் தரப்பு மறுத்துவிட்டது. இரண்டாவது கோரிக்கையை, 'ஆகவே' என்று போட்டு, முதலாவதோடு கட்டி வைத்திருக்கிறார்கள். மனு தள்ளுபடி. அந்த ஒன்றை மட்டும் கேட்டுப் புதிதாக வரத் தடையில்லை.

கட்டியது யார் என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். 'ஆகவே' போடாமல் அவள் ஒரு மனுகூட முடித்ததில்லை.

தீர்ப்பின் நகலை வாங்கி, மேசையின் கீழ் இழுப்பறையில், இனி யாருக்கும் வேண்டாத டைப்ரைட்டர் ரிப்பன் பெட்டிகளுக்கு அடியில் வைத்தாள். செய்தித்தாள் துண்டையும் எடுத்து அதற்குள் மடித்து வைத்தாள். போனில் பாறையிடம், "தள்ளுபடி ஆயிடுச்சும்மா. இது கோர்ட்டால முடியாதாம்" என்றாள். அதில் பொய் என்று ஒரு வார்த்தையும் இல்லை. பாதியைச் சொல்லாமல் விட்டதுதான்.

ஆறு மாதம் முடிந்த வாரம் பாறை பெட்டியோடு வந்துவிட்டாள். வெள்ளை உடுப்பை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை.

அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் அக்காவுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. "நீங்க என்ன பெரியம்மா பண்ணுவீங்க? கோர்ட்டே முடியாதுன்னுடுச்சு" என்றாள். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வாளாம், "எங்க பெரியம்மா எனக்காக ரெண்டு நாட்டோட சண்டை போட்டாங்க." மருந்து வாங்கப் போன கோர்ட் கிளார்க் இதை அக்காவிடம் வந்து சொல்லி, "குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார். அக்கா பிரிண்டரின் மூடியைத் திறந்து, அதில் சிக்கியே இராத ஒரு காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் அவள் வீட்டில் நடந்துகொண்டது விசித்திரமாக இருந்தது. பாறையின் தட்டில் கேட்காமலே இரண்டாம் தடவை போடுவாள். அவள் துணியையும் சேர்த்துத் துவைப்பாள். அவள் உட்கார்ந்து பேச வந்தால் மட்டும் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்துவிடுவாள். ஒரு நாள் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. "ஏன் பெரியம்மா, கேஸ் தீர்ந்துடுச்சா?" என்று அந்தப் பெண் எழுந்து வந்து பார்த்தாள். கோர்ட்டில் வேலித் தகராறு என்று வந்தவர்களை அக்கா பக்கத்து மேசைக்கு அனுப்பினாள்.

கணவர் ஒருமுறை கேட்டார். "உனக்கு என்ன உடம்பு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா உப்ப ரெண்டு தடவ போடற?"

நான்கு மாதம் இப்படிப் போனது. கல்லூரியில் அடுத்த வருடச் சேர்க்கைக்கு அறிவிப்பு வந்த வாரம் அவசர வக்கீல் சைக்கிள் கொட்டகைக்கு வந்தார். அன்று அவருக்கு வேறு கோர்ட் இல்லைபோல. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அக்கா, நானும் தினம் நினைக்கறேன், நீங்களே சொல்லுவீங்கன்னு. தீர்ப்புல புதுசா வரலாம்னு போட்டிருக்கு. ஒரே கோரிக்கை. ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். ஏன் போடல?"

அக்கா விசைப்பலகையில் படிந்த தூசியைத் துடைத்தாள்.

"பழைய மனு என்ன ஆச்சுன்னு புதுசுல எழுதணுமே" என்றாள்.

"எழுதணும். ஜட்ஜ் வாய்ப்புக் குடுத்தாரு, நாங்க எடுத்துக்கலன்னு எழுதணும். மறைச்சா அதுக்கே தள்ளிடுவாங்க. சத்தியப் பிரமாணத்துல பொண்ணு கையெழுத்துப் போடணும். அதனால என்ன?"

"அவ படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவா. நான்தான் அப்படிப் பழக்கி வெச்சேன்."

வக்கீலுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். "அன்னிக்கி போன் போட்டீங்கதானே அக்கா?"

அக்கா விசைப்பலகையை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவர் போனபிறகு மனுவை அடித்தாள். மூன்று பத்தி, பிறப்பு, நாள்குறிப்பேடு, பதிவாளர், தடையில்லாமல் வந்தது. நான்காவது பத்தியில் கை நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் பிறர் செய்த தப்பை எத்தனை விதமாக எழுதியிருக்கிறாள். "தவறான ஆலோசனையின் காரணமாக" என்று ஒரு வழக்கமான தொடர் இருக்கிறது. யாரையும் குத்தாமல் எல்லாவற்றையும் மூடிவிடும். அதைப் போட்டு முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பாறை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் முன்னால் இரண்டு காகிதக் கட்டை வைத்தாள். ஒன்று புது மனு. இன்னொன்று ரிப்பன் பெட்டிக்கு அடியிலிருந்த தீர்ப்பு.

"மறுபடி போடலாம். நாலாவது பத்தியப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

பாறை படித்தாள். ஒரு தலையணை உறையைப் பாதி மடித்தபடி மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். பிறகு தீர்ப்பை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படித்தாள். பெரியப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தார்.

"வாய்ப்புக் குடுத்தாங்களா?"

"ஆமா."

"'மனுதாரர் தரப்பு மறுத்துவிட்டது'ன்னு இருக்கு. மனுதாரர் நான்தானே?"

"நீதான்."

"நான் எங்க மறுத்தேன்?"

"நான்தான் வேணாம்னேன். வராந்தாவுல வெச்சு."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே."

"கையில போன் இருந்துச்சு" என்றாள் அக்கா. "போடல. நீ வகுப்புல இருப்பேன்னு நினைச்சேன்னு சொல்லலாம். அது நெசம் இல்ல. அந்த வழக்கு சின்னதாயிடுமேன்னு இருந்துச்சு."

பாறை தலையணை உறையை முழுக்க மடித்தாள். மூலைகளைச் சரிபார்த்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"தேதி போட்டிருக்கு பாருங்க" என்றாள். "அன்னிக்கி எடுத்திருந்தா எனக்கு ரெண்டு மாசம் மிச்சம் இருந்திருக்கும். அப்புறம் இந்த நாலு மாசம் வேற. நான் கடையில எல்லார்கிட்டயும் என்ன சொல்லிட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கிளார்க் சொன்னாரு."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

அக்கா திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழவும் முடியவில்லை. சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது, வெறும் அடுப்பு எல்லோருக்கும் தெரிந்தது.

"'தவறான ஆலோசனையின் காரணமாக'ன்னு போட்டிருக்கீங்க" என்றாள் பாறை. "யாரோட ஆலோசனைன்னு போடல."

பெரியப்பா செய்தித்தாளை இறக்கினார். "அம்மாடி, அது கோர்ட்டுக் காகிதம், அதுல போய்..."

"நீங்க இருங்க பெரியப்பா."

"போடட்டுமா?" என்று கேட்டாள் அக்கா.

"போடுங்க."

மறுநாள் சைக்கிள் கொட்டகையில் வைத்து அந்த வரியைத் திருத்தினாள். 'மனுவைத் தயாரித்த என் பெரியம்மா, என்னைக் கேட்காமல், அந்த வாய்ப்பை மறுத்துவிட்டார்.' வக்கீல் படித்துவிட்டு இவ்வளவு தேவையில்லை அக்கா என்றார். இருக்கட்டும் என்றாள். பாறை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டாள். சிறு வயதில் வீட்டுப்பாடம் எழுதும்போது காலை ஆட்டிக்கொண்டே எழுதுவாள். இன்று இரண்டு காலும் தரையில் இருந்தன.

அதே ஜட்ஜ்தான். நான்காவது பத்தியில் கொஞ்சம் நின்று படித்தார் என்பது கடைசி வரிசையிலிருந்தே தெரிந்தது.

"பெரியம்மா வந்திருக்காங்களா?"

அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். எழுத்தர்கள், காவலர், டீக்கடையிலிருந்து தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்ற ஆள், எல்லோரும் திரும்பினார்கள்.

"நீங்கதான் சைக்கிள் ஷெட்டுல உக்காரறவங்களா? இந்தத் தடவை பாறை யாருதுன்னு கேக்கலையே?"

சிரிப்பு எழுந்தது. "இல்லைங்க" என்றாள்.

அரசு வக்கீலும் எதிர்க்கவில்லை. நாள்குறிப்பேட்டை ஏற்று, பிறப்பைப் பதியச் சொல்லி உத்தரவாயிற்று. பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'விளக்குப் பாறை, கலங்கரை விளக்கக் குடியிருப்பு' என்று மட்டும் எழுத வேண்டும். இந்தப் பதிவு அந்த இடத்தின்மேல் எந்த நாட்டின் உரிமையையும் நிலைநாட்டவும் செய்யாது, மறுக்கவும் செய்யாது. பதிவாளர் அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, பெருமூச்சோடு முத்திரை குத்தினார். "இத ஒரு வருஷம் முன்னாடியே வாங்கிட்டு வந்திருந்தா நான் அன்னிக்கே குத்தியிருப்பேனேம்மா" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. அக்கா சான்றிதழை வாங்க நீட்டிய கையை மேசையிலேயே வைத்துக்கொண்டாள். பாறை எடுத்துக்கொண்டாள்.

கல்லூரியில் மறுபடி இடம் கிடைத்தது. போன வருடம் கூடப் படித்தவர்கள் இரண்டாம் வருடத்தில் இருந்தார்கள். இவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஒரு வருடத்தைத் திருப்பித்தர எந்தக் கோர்ட்டிலும் மனு இல்லை என்பது அக்காவுக்கு வேறு எவரையும்விட நன்றாகத் தெரியும். வீட்டில் பேச்சு நின்றுபோகவில்லை. சாப்பிட வாங்க, துணி காஞ்சிடுச்சு, பெரியப்பா மாத்திரை போட்டாரா என்று எல்லாம் நடந்தது. இரண்டாம் தடவை தட்டில் போடப்போனால் மட்டும், "போதும் பெரியம்மா" என்று கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

வேலித் தகராறுகள் மறுபடி அக்காவின் மேசைக்கு வரத் தொடங்கின. வந்தவர்களிடம் இப்போதெல்லாம் முதலில், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். அவர்கள் நிலத்தில் ஆரம்பித்து மாமனார் வரை போய்விடுகிறார்கள். பொறுமையாகக் கேட்டு, அவர்கள் சொன்னதைத் தனித்தாளில் எழுதி, கீழே அவர்களையே கையெழுத்துப் போடச் சொல்கிறாள். பக்கத்து மேசைக்காரர், "என்ன அக்கா, புது முறையா?" என்று கேட்டதற்கு, "ஆமா" என்று மட்டும் சொன்னாள்.

பாறை கிளம்பிய அன்று பேருந்து நிலையத்துக்கு அக்காவும் கணவரும் வந்தார்கள். பெரியப்பா ஜன்னல் ஓர இடம் பிடிக்கப் போயிருந்தார். விடுதிக்கான விண்ணப்பம், அடையாள அட்டை, சான்றிதழ் நகல்கள் எல்லாம் ஒரு நீல உறையில் பாறையின் கையில் இருந்தன. விண்ணப்பங்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக் கொடுப்பது சின்ன வயதிலிருந்து அக்காவின் வேலை. பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள்.

"குடு, ஒரு தடவ பாத்துடறேன்."

பாறை உறையை அடுத்த கைக்கு மாற்றினாள்.

"நானே பாத்துட்டேன் பெரியம்மா."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பாறை அதைப் பார்த்தாள். பிறகு தோளில் மாட்டியிருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கழற்றி அந்தக் கையில் கொடுத்தாள்.

"இதப் பிடிங்க. நான் ஏறி உக்காந்ததும் ஜன்னல் வழியாக் குடுங்க."

அக்கா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வண்டியின் ஓரமாக, எந்த ஜன்னல் என்று பார்த்துக்கொண்டே நடந்தாள்.